கொலுவில் வந்த பிளவுஸ் பிட்டுகளும் ஒரு மழைக்காலப் பையும்

நவராத்திரி முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்த பிறகு, கொலு வைத்த வீட்டிலும் சரி, கொலு பார்க்கப் போன வீட்டிலும் சரி, அலமாரியில் ஒரு அடுக்கு பிளவுஸ் பிட் சேர்ந்திருக்கும். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பழம், கூடவே எண்பது சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ துணி. தக்காளிச் சிவப்பு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து அடுக்கினால் அந்த அடுக்கே பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதில் பாதி தைக்கவே படாது. நம்மிடம் இருக்கும் எந்தப் புடவைக்கும் அந்த நிறம் சரியாகச் சேராது, அடுத்த வருஷம் நாம் யாருக்காவது வைத்துக் கொடுப்போம், அவர்கள் இன்னொருவருக்குக் கொடுப்பார்கள், மடிப்பில் வெளுத்துப் போகும் வரை அந்தத் துணி தெருத்தெருவாகப் போய்க்கொண்டே இருக்கும்.

கொடுக்கிற வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம் எவ்வளவு நல்லது! எனக்கு ஆற்றாமையெல்லாம் அந்தத் துணி கத்தரிக்கோலையே பார்க்காமல் போவதில்தான். துணி என்றால் வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், யாராவது கையில் எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். அதற்கு நான் கண்ட வழி ஒட்டுத்துணிப் பை. கட்டம் கட்டமாக வெட்டிச் சேர்த்து, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு வைத்து, மேலே நூலோட்டித் தைக்கிற குயில்ட்டிங் பை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மயிலாடுதுறையில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே போகிற வேலை தானாகக் குறைந்துவிடும், அந்த நாட்களுக்கு இதைவிட நல்ல கைவேலை எனக்குத் தெரியவில்லை.

முதலில் அம்மாக்கள் கேட்கும் கேள்வியைப் பார்த்துவிடலாம். “நல்ல பிளவுஸ் பிட்டை யாராவது கிழிப்பாங்களாடி?” என் அம்மாவும் அதையேதான் கேட்டார். கிழிக்கவே வேண்டாம். ஒவ்வொரு பிட்டிலிருந்தும் ஒரே ஒரு பட்டை எடுத்தால் போதும். மூன்றரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டினால், துணியின் அகலம் முப்பத்தாறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அதில் பத்துச் சதுரம் கிடைக்கும். பையின் ஒரு பக்கத்துக்கு ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு சதுரம். இரண்டு பக்கத்துக்கும் எழுபத்திரண்டு. எட்டு பிட் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒன்பது சதுரம் வெட்டினால் கணக்கு சரியாக வந்துவிடும். எண்பது சென்டிமீட்டர் பிட்டில் ஒன்பது சென்டிமீட்டர் போனாலும் எழுபத்தொன்று மிச்சம், மெலிந்த உடம்புக்காரர்களுக்கு அதில் தாராளமாக ஒரு பிளவுஸ் தைக்கலாம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அம்மா தன் அலமாரியையும் திறந்துவிட்டார்.

எல்லாத் துணியும் இதற்கு ஆகாது. பருத்தியாக இருக்க வேண்டும். பார்த்தால் தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியைப் பைக்குள் சேர்த்தால் அயர்ன் செய்யும்போதெல்லாம் தொல்லை, பருத்திக்கு வேண்டிய சூட்டை அது தாங்காது, மடிப்பும் நிற்காது. பனியன் துணியும் வேண்டாம், இழுத்தால் நீளுகிற துணி சதுரமாகவே இருக்காது. டூ பை டூ, பாப்ளின், கலம்காரி, இக்கத், சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம் எல்லாம் அருமையாக வரும்.

அப்புறம் அலசல். புதுத் துணியைக் கட்டாயம் ஊறவைத்து அலச வேண்டும், குறிப்பாகச் சிவப்பு, அரக்கு, கருநீலம். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நான் உப்பை நம்புவதைவிட அலசலைத்தான் நம்புகிறேன். தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, கறை ஒட்டவில்லை என்றால்தான் அது என் பைக்குள் வரும். சுருங்குகிறதும் இப்போதே சுருங்கிவிடும். மழைநாளில் காய்வதற்கு ஒரு நாள் அதிகம் ஆகும், ஆகட்டும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்துவிட்டால் மொறுமொறுவென்று நிற்கும், வெட்டுவதற்கும் சுகம்.

பிட்டுகள் போதாதபோது எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணனிடம் போவேன். தீபாவளித் தையல் முடிந்த கையோடு அவர் கடையில் மூட்டை மூட்டையாக வெட்டுத் துணி கிடக்கும். “ஏம்மா, காசு குடுத்தா நல்ல கட்பீஸே வாங்கலாமே, இந்தக் குப்பையைப் போய்க் கிளறிக்கிட்டு இருக்கியே” என்பார். “அண்ணே, கடையில இவ்வளவு நிறம் ஒரே இடத்துல கிடைக்குமா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிடுவார். இந்த வருஷம் அந்த மூட்டையில் கிடைத்த, கைவிரல் அகலமே இருந்த ஒரு மாந்தளிர் நிறத் துண்டைப் பையின் வாயோரத்துக்கு பைப்பிங்காக வைத்திருக்கிறேன். மொத்தப் பையையும் அதுதான் தூக்கிக் காட்டுகிறது.

இன்னொரு துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் ஒரு பகுதிதான் கூறைநாடு, கல்யாணத்துக்குக் கட்டுகிற கூறைப்புடவைக்குப் பேர் போன இடம். பட்டும் பருத்தியும் சேர்த்துக் கட்டம் போட்டு நெய்வார்கள். பாட்டியின் கூறைப்புடவை ஒன்று பல வருஷமாக ஒரே மடிப்பில் இருந்து, மடிப்பு ஓடிய இடமெல்லாம் பட்டு இழை விட்டுப்போய்க் கிழிந்திருந்தது. கட்டவும் முடியாது, போடவும் மனசில்லை. மடிப்புக்கு நடுவில் இருந்த நல்ல இடங்களிலிருந்து நான்கு சதுரம் எடுத்தேன். பழைய பட்டை அப்படியே தைத்தால் ஊசி போன ஓட்டை வழியே பிரிந்துவிடும், அதனால் பின்பக்கம் டெய்லர்கள் காலருக்கு வைக்கும் ஒட்டுகிற கேன்வாஸில் மெல்லிய ரகத்தை வைத்து அயர்ன் செய்து, அப்புறம்தான் வெட்டினேன். பையின் நடுவில் அந்த நான்கு கட்டமும் இருக்கின்றன, சுற்றிலும் கொலுவுக்கு வந்த பிட்டுகள்.

நடு அடுக்குக்கு என்ன வைப்பது? வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கென்றே பருத்தியில் செய்த தாள் போன்ற ஒன்றைக் காட்டுவார்கள், நம் ஊர்க் கடைகளில் அது லேசில் கிடைக்காது. இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம், இழை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் நழுவி ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். தையல் சாமான் கடையில் மெல்லிய ஸ்பாஞ்சு ஷீட் கிடைக்கும், பை விறைப்பாக நிற்க வேண்டும் என்பவர்கள் அதை வைக்கலாம். என் விருப்பம் பழைய டர்க்கி டவல். பல வருஷம் துவைத்துத் தேய்ந்த டவல் இனிமேல் சுருங்காது, கனமும் அளவாக இருக்கும், கை ஊசியும் சிரமமில்லாமல் இறங்கும்.

சதுரங்களை வெட்டியாயிற்று என்றால் அடுத்தது அடுக்குகிற வேலை, இதில் அவசரமே கூடாது. கட்டிலின் மேல் ஆறுக்கு ஆறாகப் பரப்பி வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன், ஒன்றை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பேன். நிறம் பொருந்துகிறதா என்பதைவிட வெளிர், அடர் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கண்ணுக்கு எதிரெதிர் நிறமாகத் தெரியும், ஆனால் இரண்டும் ஒரே அளவு வெளிர் என்றால் தூரத்திலிருந்து ஒன்றோடு ஒன்று கரைந்துவிடும். இதற்கு ஒரு சுலபமான வழி, கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எங்கே சாம்பலாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறதோ அங்கே ஒரு அரக்கையோ ஒரு சந்தன நிறத்தையோ கொண்டுபோய் வைத்தால் சட்டென்று உயிர் வந்துவிடும்.

சேர்த்துத் தைப்பது மெஷினில்தான். என்னுடையது கால் மெஷின், மழைக்கு கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும், எல்லாத் தையலிலும் அது ஒரே அளவாக இருந்தால் போதும், கட்டங்கள் தாமாகவே மூலைக்கு மூலை சேரும். ஒரு வரிசையின் தையல் பிரிகளையெல்லாம், அதாவது தையலுக்கு வெளியே நிற்கும் அந்தக் கால் அங்குல ஓரங்களையெல்லாம், வலப்பக்கமாகவும் அடுத்த வரிசையுடையதை இடப்பக்கமாகவும் மடித்து அயர்ன் செய்துகொண்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு பிரியும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு உட்கார்ந்துகொள்ளும், மூலையில் முண்டு கட்டாது. மழைநாளில் மெஷின் ஊசியைக் கழற்றித் துடைத்து வையுங்கள், ஈரக்காற்றில் லேசாகத் துரு பிடித்தாலும் மஞ்சள் துணியில் கறையாகத் தெரியும்.

இனி மூன்று அடுக்கையும் சேர்க்க வேண்டும். அடியில் காடாத் துணி, நடுவில் டவல், மேலே ஒட்டுத்துணி. தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாக நூலோட்டி வைத்துக்கொண்டால் எதுவும் நகராது. நடுவில் தொடங்கி வெளியே போவது, மிச்சத் துணி ஓரத்துக்குப் போய்விட வேண்டும் என்பதற்காக. ஆனால் கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துச் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். கவண்டி என்று அவர்கள் தைக்கிற போர்வை ஓரத்தில் தொடங்கும், பழந்துணித் துண்டுகளை ஓரத்தை மடித்து வைத்து வைத்துக் கையாலேயே தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து மடித்து முக்கோணமாகப் பூ வைத்தால்தான் அது முழுப் போர்வை. அளந்து வெட்டுவதே கிடையாது, துண்டு எந்த வடிவில் கிடைக்கிறதோ அந்த வடிவிலேயே அதற்கு ஒரு இடம் இருக்கிறது. வங்காளத்துக் காந்தா தையலிலும் பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டத் தையல் போட்டிருக்கிறார்கள். ஒட்டுத்துணி வேலை அமெரிக்காவிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

பையின் பின்பக்கத்தை மெஷினிலேயே குறுக்குக் கோடாகத் தைத்துவிட்டேன். பதினாறாம் நம்பர் ஊசி, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ள வேண்டும், மெஷினின் மேலே, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும், அதைச் சற்றுத் தளர்த்தினால் மேல்துணி மட்டும் முன்னால் ஓடிச் சுருக்கம் விழுவது நிற்கும்.

முன்பக்கத்தைக் கையால்தான் தைத்தேன், அதுவும் நெளிக்கோலமாக. இந்த மாதங்களில் வாசலில் கோலம் போட்டால் ஒரு தூறலில் கரைந்துவிடும், துணியில் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆறுக்கு ஆறு கட்டத்தில் உள்ளே மூலைகள் சேருகிற இடங்களை எண்ணிப் பாருங்கள், ஐந்துக்கு ஐந்து. தையலே நமக்கு நேர்ப்புள்ளி வைத்துக் கொடுத்துவிடுகிறது! அந்தப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து போகும்போது ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்தின் நடுவைத் தொட்டு அடுத்த பக்கத்தின் நடுவுக்குப் போகும், மூலையை மட்டும் தொடவே தொடாது. கையால் தைக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? பிரிகள் எல்லாம் குவிந்து ஊசி இறங்காமல் விரலைப் பதம் பார்ப்பது அந்த மூலைகளில்தான், கோலம் அவற்றை அழகாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

ஐந்துக்கு ஐந்தில் எல்லாப் புள்ளியையும் இப்படிச் சுற்றினால் கோடு ஒரே இழையாக முடியாது, ஐந்து தனித்தனி வளையங்களாகத்தான் வரும். நடுவில் நிமிர்ந்த சாய்சதுரம் ஒன்று, அதன் குறுக்கே இந்தப் பக்கம் சாய்ந்து இரண்டு, அந்தப் பக்கம் சாய்ந்து இரண்டு. ஒரு வரிசையைக் குறைத்து ஐந்துக்கு நான்கு என்று வைத்தால் ஒரே கோடாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எனக்கு ஐந்து வளையமே பிடித்திருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம் அல்லவா? வெள்ளை, குங்குமச் சிவப்பு, மஞ்சள், இலைப்பச்சை, நீலம் என்று எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை எடுத்துக்கொண்டேன். அடர்ந்த துணியில் கோடு போடத் தேய்ந்துபோன சோப்பு வில்லைதான் சிறந்தது, கூராகக் கோடு விழும், அலசினால் போய்விடும். வெளிர்த் துணிக்குப் பென்சிலால் தொட்டும் தொடாமலும் ஒரு கோடு.

தையல் என்று பார்த்தால் வெறும் ஓட்டத் தையல்தான். ஊசியை நிமிர்த்தி மூன்று அடுக்கையும் தொடுகிற வரை இறக்கி, அடியில் இருக்கிற கைவிரலில் முனை பட்டதும் மேலே திருப்பி, நான்கைந்து தையல் ஊசியிலேயே சேர்ந்த பிறகு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவிரலில் உலோக உறை போட்டுக்கொண்டால்தான் அந்தத் தள்ளுதல் வரும். நூல் தொடங்கும் இடத்தில் முடிச்சு வெளியே தெரியக் கூடாது என்றால், ஊசியைக் கொஞ்சம் தள்ளிக் குத்திக் கோட்டின் மேல் எடுத்து, நூலை டக்கென்று ஒரு இழு இழுங்கள், முடிச்சு மேல்துணியைத் தாண்டி டவலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த டக் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். தையல் இறங்கிய இடம் பள்ளமாகி, இரண்டு கோட்டுக்கு நடுவில் துணி மெத்தென்று எழும்பி வரும்போது கையால் தடவிப் பார்க்காமல் இருக்கவே முடியாது. ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கிற வரை தைப்பேன், இருட்டிக்கொண்டு வந்தால் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எந்தத் தேதிக்குள்ளும் முடிக்க வேண்டிய அவசியம் இல்லாத வேலை என்பதே பெரிய சுகம்.

பையாக்குவது விறுவிறுவென்று முடிந்துவிடும். தைத்த இரண்டு பக்கத்தையும் பதினெட்டு அங்குலச் சதுரமாக நேர் செய்து, அரை அங்குலம் விட்டு மூன்று பக்கமும் மூட்டுங்கள். அடி மூலைகளை முக்கோணமாகப் பிடித்து நான்கு அங்குலத்துக்குக் குறுக்கே தையல் போட்டால் பைக்கு அடி வந்துவிடும். பை நிற்கும்போது சுமார் பதின்மூன்று அங்குல அகலம், பதினைந்து உயரம். கைப்பிடிக்கு நான்கு அங்குலப் பட்டையை நாலாக மடித்து, இருபத்தாறு அங்குல நீளத்தில் இரண்டு. கைப்பிடியை வைத்து, அதே அளவில் தனிப் பையாகத் தைத்த உள்துணியோடு வாயை மூட்டும் இடத்தில் ஏகப்பட்ட அடுக்கு சேரும், அங்கே காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள், ஊசி உடையாது. உள்துணியின் அடியில் ஒரு சாண் தைக்காமல் விட்டு அது வழியாகப் பையைப் புரட்டி எடுத்து, கடைசியில் அதை மூடிவிட வேண்டும்.

உள் பாக்கெட்டுக்கு நான் வைத்தது ஒரு தாம்பூலப் பை. கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை, பொண்ணு மாப்பிள்ளை பேரும் முகூர்த்த நாளும் அச்சடித்தது. அந்த எழுத்து உள்ளே தெரிகிற மாதிரியே தைத்திருக்கிறேன். சாவிக்காகக் கை விடும்போதெல்லாம் அந்தக் கல்யாணச் சாப்பாடு ஞாபகத்துக்கு வருகிறது.

காய்கறிக்கும் மீனுக்கும் இந்தப் பையை எடுத்துப்போகாதீர்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது, அந்த வேலைக்கு ஒற்றைத் துணியில் தைத்த மஞ்சப்பைதான் சரி. துவைத்தால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். இதில் டவல் இருக்கிறது, மழைக்காலத்தில் நனைந்தால் காய நாளாகும், முழுக்கக் காயாமல் மடித்து வைத்தால் முடை நாற்றம் வந்துவிடும். நூலகப் புத்தகம், ரயில் பயணத்துக்கு ஒரு மாற்றுத் துணி, ஆபீஸ் சாப்பாட்டு டப்பா, பாதியில் நிற்கிற கைவேலை, இவற்றுக்குத்தான் இது. அழுக்கானால் வாஷிங் மெஷினில் போடாமல் கையால் கும்மி அலசி, உள்துணியை வெளியே எடுத்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள்.

அடுத்த பைக்கு ஆறுக்கு ஐந்தாகக் கட்டம் வெட்டி வைத்திருக்கிறேன், புள்ளி ஐந்துக்கு நான்காக வரும், கோலம் ஒரே இழை. முழுக்க அரக்கும் சந்தனமும்தான், கோட்டுக்கு வெள்ளை நூல். உங்கள் வீட்டில் அந்தப் பிட்டுகள் எத்தனை சும்மா கிடக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள், எட்டு தேறினால் இந்த மழைக்கே தொடங்கிவிடலாம்.